பாண் பை

எங்கள் வீட்டுக் கெல்லரில், அதாவது நிலக்கீழ் அறையில், மூன்று அலுமாரிகள் இருக்கின்றன. ஒன்றில் குளிர்கால உடுப்பும் பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளும். மற்ற இரண்டிலும் இரண்டு உலகப் போர்களிலும் ஜேர்மன் படைவீரர்கள் இடுப்பிலும் முதுகிலும் காவித் திரிந்த சாமான்கள். தண்ணிப் போத்தல், சாப்பாட்டுப் பேணி, பாண் பை, கூடாரத் துணி, மண்வெட்டி, துவக்குத் துடைக்கும் பெட்டி, வெண்ணெய்ப் பேணி. துவக்கு இல்லை, கத்தி இல்லை, பதக்கம் இல்லை, கொடி இல்லை. இருபது வருடமாகச் சேர்க்கிறேன். சுவஸ்திகா பெரிதாகத் தெரியும் எதையும் வாங்கியதில்லை. ஜேர்மனியில் அதைப் பகிரங்கமாகக் காட்டுவது சட்டப்படி குற்றம். பழஞ்சந்தையில் விற்பவர்கள் அந்தச் சின்னத்தின்மேல் சின்னதாக ஒரு கடதாசியை ஒட்டிவிட்டுத்தான் பரப்பி வைப்பார்கள். எனக்குச் சட்டம் ஒரு காரணம் இல்லை. அந்தச் சின்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

மனைவியின் தம்பி லண்டனிலிருந்து வந்திருந்தபோது அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "உதுகளை ஏன் அத்தான் வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறியள்? ஹிட்லரின்ரை ஆக்கள் பாவிச்ச சாமான் எல்லோ?"

நியாயமான கேள்வி. வெர்மாக்ட் என்ற ஹிட்லர் காலத்து ஜேர்மன் படை அப்பாவிப் படை இல்லை. போலந்திலும் சோவியத் மண்ணிலும் யூதர்களையும் ஊர்ச் சனத்தையும் கொன்றதில் அந்தப் படைக்கு நேரடிப் பங்கு உண்டு. சோவியத் போர்க் கைதிகளில் மட்டும் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் ஜேர்மனியரின் பிடியில் இறந்தார்கள். பெரும்பாலும் பட்டினியாலும் குளிராலும். இதைச் சொல்லாமல் இந்தச் சாமான்களைப் பற்றிக் கதைக்க எனக்கு மனம் வராது. ஆனால் அவ்வளவையும் செய்தவர்கள் பூதங்கள் இல்லை; பாண் தின்று, தண்ணீர் குடித்து, மழையில் நனைந்து, காலில் கொப்புளம் போட்டு நடந்த மனிதர்கள். பதக்கமும் கொடியும் எனக்கு அதைச் சொன்னதில்லை. அடியில் கரி பிடித்த ஒரு சாப்பாட்டுப் பேணி சொன்னது. மச்சானுக்கும் இதைத்தான் சொன்னேன். அவன் பேணியைக் கையில் எடுத்துக் கனநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நான் 1997 இல் ஜேர்மனிக்கு வந்தேன். டூரன் நகரத்தில் ஒரு காகித ஆலையில் வேலை. 1944 நவம்பர் 16 ஆம் திகதி பிற்பகல் நேச நாட்டு விமானங்கள் இந்த நகரத்தை ஏறக்குறையத் தரைமட்டமாக்கின. 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தெற்கே கொஞ்சத் தூரத்தில் ஹ்யூர்ட்கன் காடு. 1944 செப்ரெம்பரிலிருந்து 1945 பெப்ரவரி வரை அமெரிக்கரும் ஜேர்மனியரும் அந்தக் காட்டுக்குள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வீடு கட்ட அத்திவாரம் வெட்டினால் குண்டு வரும், எங்கள் யாழ்ப்பாணத்து இருபாலையும் நெல்லியடியும்போல.

முதல் சாமான் 2004 இல் வாங்கியது. 12 யூரோ. ஒரு தண்ணிப் போத்தல். 1931 இல் வந்த மாதிரி, 0.8 லீற்றர் பிடிக்கும் அலுமினியப் போத்தல், மண்ணிறக் கம்பளி உறை, தலையில் கவிழ்த்த கறுப்பு வர்ணம் பூசிய பேணி, சுற்றித் தோல் வார். கழுத்தில் 39 என்று வருடம் பொறித்திருந்தது. கறுப்புப் பேணியின் உள்ளே யாரோ ஊசியால் எச், கே என்று இரண்டு எழுத்துக் கீறியிருந்தார்கள். எச் வடிவாக வந்திருந்தது, கே சறுக்கிவிட்டது.

ஏன் அதை வாங்கினேன் என்று அன்றைக்கு எனக்கே சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்கப் போருக்குத் தப்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது என் கையில் இருந்தது ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்று. பாதிதான் தண்ணீர். அம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டுக் கிழவி, எல்லோருக்கும் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். கானை மட்டும் யாருடைய கையிலும் கொடுக்கவில்லை. தண்ணீரைக் காவிக்கொண்டு நடப்பவனுடைய கை எப்படி இறுகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் போத்தலின் தோல் வார் விரல் படும் இடத்தில் மட்டும் மினுங்கிப் போயிருந்தது.

இப்போது ஐந்து போத்தல்கள் வருட வரிசையில் நிற்கின்றன. பார்த்தாலே ஒரு நாடு எப்படி வற்றிப் போகிறது என்று தெரியும். முதலாம் போருக்குள் அலுமினியப் போத்தலோடு போனார்கள். பிரித்தானியக் கடற்படை வழியை அடைத்ததும் அலுமினியம் தட்டுப்பாடாகி, 1915 இலேயே எனாமல் பூசிய இரும்புப் போத்தல் வந்துவிட்டது. அதே கதை 1943 இல் திரும்பவும் நடந்தது. என் கடைசிப் போத்தலும் எனாமல் இரும்புதான். சந்தைக்குப் போகும்போது சட்டைப் பையில் சின்னக் காந்தம் ஒன்று வைத்திருப்பேன். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். அரை நிமிடத்தில் போர் எந்தக் கட்டத்தில் நின்றது என்று கணிக்கலாம்.

நடுவில் நிற்பதுதான் வீட்டுக்கு வரும் எங்கட ஆட்களுக்குப் பிடித்தது. அலுமினியப் போத்தலைச் சுற்றி மரத்தையும் பிசினையும் சேர்த்து அழுத்திய மண்ணிறக் கவசம். வெப்ப நாட்டு முனைகளுக்கென்று செய்தது. சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க அதைத் 'தேங்காய்' என்றுதான் சொல்வார்கள். உண்மையாகவே சிரட்டை மாதிரித்தான் இருக்கும்.

தட்டுப்பாடு கையில் தெரியும் இன்னொரு சாமான் முதலாம் போர்க் கால மண் மூட்டைச் சாக்கு. தூரத்தில் பார்த்தால் சணல். காகித ஆலையில் நிற்பவனுக்குத் தொட்டவுடன் விளங்கிவிடும்: நூலே காகிதம். நீளமாக வெட்டிய காகிதத்தை முறுக்கி நூலாக்கி நெய்திருக்கிறார்கள். பருத்தியும் சணலும் வராத நாட்டில் சாக்கு, வார், உடுப்பு என்று எல்லாவற்றுக்கும் இந்தக் காகித நூல்தான். இறப்பர் முடிந்ததும் 1917 இல் நச்சுவாயு முகமூடியையும் தோலில் தைத்தார்கள். இரண்டாம் போரில் தோலே முடிந்து, நாரை அழுத்திச் செய்த ப்ரெஸ்ஸ்டோஃப் என்ற போலித் தோல் வந்தது. என்னிடம் இருக்கும் மண்வெட்டி உறை ஒன்று அதில் செய்தது. வளைத்தால் அட்டை மாதிரி வெடிக்கும். அந்தச் சாக்கை வேலைக்குக் கொண்டுபோய் எங்கள் பிரிவில் முப்பது வருடம் நின்ற ஒரு ஜேர்மன் தொழிலாளியிடம் கொடுத்தேன். அவர் நூலைப் பிரித்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முறுக்கு நல்லாயிருக்கு. கையில வேலை தெரிஞ்சவங்கள்" என்றார்.

ஒரு காலாட்படை வீரன் இதையெல்லாம் எப்படிக் காவினான் என்று தெரிந்தால்தான் தேய்ந்த இடங்கள் விளங்கும். இடுப்புவாரின் முன்பக்கம் இரண்டு ரவைப் பை. ஒவ்வொன்றிலும் மூன்று அறை, ஒவ்வோர் அறையிலும் ஐந்து ரவைக் கிளிப் இரண்டு. ஆக 60 ரவை. முதலாம் போரில் 1909 மாதிரிப் பைகளில் 120 காவினார்கள். இடையில் ஒரு பிரிவின் சூட்டுப் பலம் இயந்திரத் துவக்குக்கு மாறிவிட்டது. சாதாரண வீரன் தன் ரவையைக் குறைத்து இயந்திரத் துவக்கின் ரவையைச் சேர்த்துக் காவினான். இடது பக்கம் மண்வெட்டி. நேர்ப் பிடி போட்ட அந்தச் சின்ன மண்வெட்டியை 1869 அளவில் உருவாக்கியவர் லின்னமான் என்ற டென்மார்க் அதிகாரி. பிறகு உலகப் படைகள் முழுக்கப் பரவியது. வலது பின்பக்கம் பாண் பை. அதன் வளையத்தில் கொளுக்கி போட்டுத் தண்ணிப் போத்தல். அதனால்தான் பாண் பைகளில் எப்போதும் ஒரு பக்கம் மட்டும் போத்தல் உரசிய வட்டம் இருக்கும். அந்த வட்டம் இல்லாத பை அலுமாரிக்குள்ளேயே கிடந்த பை.

பாண் பைக்குள் அன்றைய பாண், கரண்டியும் முள்ளும் ஒரே ஆணியில் மடியும் சாமான், பேக்கலைற்று என்ற பழைய கால பிளாஸ்ரிக்கில் செய்த வெண்ணெய்ப் பேணி, 1934 மாதிரித் துவக்குத் துடைக்கும் தகரப் பெட்டி. பெட்டிக்குள் குழல் வழியாக இழுக்க ஒரு மெல்லிய சங்கிலி, இரண்டு தூரிகை, எண்ணெய்க் குப்பி. வெண்ணெய்ப் பேணியைத் திறந்தால் இன்றைக்கும் ஒரு மருந்து மணம் அடிக்கும். சாப்பாட்டுப் பேணி அவரைக் கொட்டை வடிவம், 1.7 லீற்றர் அளவு, மூடிதான் கோப்பை. சூடான சாப்பாடு குதிரை இழுத்து வந்த நடமாடும் குசினியிலிருந்து வரும்; புகைபோக்கியைப் பார்த்து அதற்குக் 'கூலாஷ் பீரங்கி' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அது வராத நாளில் எஸ்பிட் வில்லை. 1936 இல் ஸ்ருட்கார்ட்டில் எரிஷ் ஷும் என்பவர் கொண்டுவந்த எரிபொருள் வில்லை. பெயரின் முதலெழுத்துகள்தான் எஸ்பிட். இன்றைக்கும் கடையில் வாங்கலாம். நானும் மகளும் ஐஃபல் மலைப் பக்கம் நடக்கப் போனால் அதில்தான் பிளேன்ரீ வைப்போம். பழைய பேணியில் இல்லை, புதுப் பேணியில்.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் பிடித்தது கூடாரத் துணி. 1931 மாதிரி, முக்கோண வடிவம், அடிப்பக்கம் ஏறக்குறைய இரண்டரை மீற்றர். ஒரு பக்கம் கடும் பச்சை, மறுபக்கம் வெளிர். இரண்டிலும் உடைந்த கண்ணாடித் துண்டுகள் மாதிரிக் கோணல் கோணலான உருமறைப்பு. (படைகளுக்காக உருமறைப்பை அச்சடித்துப் பெருமளவில் கொடுத்தது இத்தாலியர்தான் முதல், 1929 இல்.) ஓரம் முழுக்க உலோகப் பொத்தான்கள். நான்கு பேர் நான்கு துணிகளைப் பூட்டினால் நான்கு பேர் படுக்கும் கூம்புக் கூடாரம். அதற்காக ஒவ்வொருவனும் நான்கு துண்டுத் தடி, இரண்டு முளை, ஒரு கயிறு காவினான். தனியாக நின்றால் அதையே தலைவழி போட்டுப் பொத்தான் பூட்டி மழையங்கி ஆக்கலாம். வைக்கோல் அடைத்து ஆற்றில் மிதக்கலாம். காயப்பட்டவனைப் போட்டுத் தூக்கலாம். செத்தவனைச் சுற்றிப் புதைத்ததும் இதே துணியில்தான். ஒரே துணிதான் படுக்கவும் சாகவும். என்னிடம் இருப்பதில் ஒரு மூலையில் கையால் போட்ட ஒட்டு இருக்கிறது. சாம்பல் நூல், சின்னச் சின்னத் தையல், நேர்க்கோடு. அம்மாவிடமோ பள்ளிக்கூடத்திலோ பழகிய கை. ஒரு படத்தின் முன்னால் நிற்பதுபோல அந்த ஒட்டின் முன்னால் நான் நின்றிருக்கிறேன்.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2009 இல் இணையத்தில் ஒருவரிடம் 140 யூரோ கொடுத்து ஒரு பாண் பை வாங்கினேன். 1938 என்று முத்திரை, நல்ல பழுப்பு நிறம். ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தேன். பிறகு உள்ளே இன்னொரு முத்திரையையும் கண்டேன்: தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த இலக்கங்களில் ஒன்று. அந்த இலக்க முறை போரின் பின்பாதியில்தான் வந்தது. 1938 இல் தைத்த பையில் அது எப்படி வரும்? தோல் நாடாக்களைத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் எழுபது வருடக் கிழடு, உட்பக்கம் புதுத் தோல். துணியைத் தேயிலைச் சாயத்தில் ஊறப் போட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து புறஊதாக்கதிர் ரோச் இல்லாமல் நான் எதையும் வாங்குவதில்லை. போருக்குப் பிந்திய செயற்கை நூல் அந்த வெளிச்சத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். ஆனால் யாராவது பாட்டி இந்தக் காலச் சவர்க்காரத் தூளில் அசல் பையைத் தோய்த்திருந்தாலும் அது பளிச்சிடும். வெளிச்சத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. போருக்குப் பிறகு கிழக்கு, மேற்கு ஜேர்மனியும் அயல் நாடுகளும் இதே வடிவங்களில் தொடர்ந்து செய்தார்கள். அவை போலி இல்லை. விற்பவன் வருடத்தை மாற்றிச் சொல்லும்போதுதான் போலியாகின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: தேய்வைப் பாருங்கள். கை படும் இடம், இடுப்பு உரசும் இடம், கொளுக்கி தொங்கும் இடம். போலி செய்பவன் துணி முழுக்க ஒரேயளவாகத் தேய்ப்பான். மனிதன் அப்படித் தேய்ப்பதில்லை.

முத்திரைகளில் இன்னொன்றும் இருக்கிறது. 1940 இலிருந்து தொழிற்சாலைப் பெயருக்குப் பதில் சிறிய எழுத்துக் குறியீடு பொறித்தார்கள், எதிரிக்கு எந்தத் தொழிற்சாலை என்று தெரியக்கூடாது என்று. சேகரிப்பவர்கள் அந்தக் குறியீட்டைப் பட்டியலில் தேடிப் பெயரைக் கண்டுபிடித்ததும் மகிழ்ச்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் நெஞ்சு அடைக்கும். 1944 இல் ஜேர்மனியில் போர்க் கைதிகளையும் சேர்த்து 70 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் வேலை செய்தார்கள். பெரும்பாலானவர்கள் பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். என்னிடமிருக்கும் 1944 ஆம் வருடப் பேணியை அழுத்திய கை உக்ரேனிலிருந்து ரெயிலில் ஏற்றிவந்த ஒரு பெட்டையின் கையாக இருந்திருக்கலாம். அலுமாரியில் அந்தப் பேணியின் கீழ் நான் எழுதி வைத்திருக்கும் துண்டில் "பாவித்தவர்: தெரியாது" என்பதற்கு மேலே "செய்தவர்: தெரியாது" என்றும் எழுதியிருக்கிறேன்.

படைவீரர்கள் கழுத்தில் போட்ட அடையாளத் தகடு நான் வாங்குவதில்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. முட்டை வடிவத் தகடு, நடுவில் உடைப்பதற்கான வெட்டுகள், இரண்டு பாதியிலும் ஒரே எழுத்து. இரண்டாம் போர்த் தகட்டில் பெயர் இருக்காது. சேர்ந்த படைப்பிரிவும் ஓர் இலக்கமும்தான். அந்த இலக்கத்துக்கு யார் உரியவர் என்று பேர்லினில் வைத்திருந்த பதிவுகள் 2019 இலிருந்து ஜேர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் கீழ் வந்துவிட்டன. ஆள் செத்தால் கீழ்ப் பாதியை உடைத்து அறிவித்தலோடு அனுப்புவார்கள். இரண்டு துளை உள்ள மேல் பாதி உடலோடு மண்ணுக்குள் போகும். என்றைக்காவது தோண்டினால் இவர் யார் என்று சொல்ல அது ஒன்றுதான் சாட்சி.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சேகரிப்பாளர் சந்தையில் ஒருவர் தட்டம் நிறையத் தகடுகள் வைத்திருந்தார். அதில் ஒன்று மேல் பாதி மட்டும். துளையில் இன்னும் மண். எங்கிருந்து என்று கேட்டேன்.

"கிழக்கிலிருந்து," என்றார்.

"இது ஆளோட இருந்திருக்க வேணும். உங்களுக்குத் தெரியும்தானே?"

"வாங்கப் போறீங்களா இல்லையா?"

வாங்கவில்லை. எழுத்தையும் இலக்கத்தையும் என் கொப்பியில் எழுதி, கண்ட திகதியோடும் இடத்தோடும் பேர்லினுக்கு அனுப்பினேன். உடல் எங்கே என்று தெரியாமல் தகடு மட்டும் இருந்து அதிகம் ஆகாது என்று எனக்கும் தெரியும். இறந்த படைவீரர்களை இன்றைக்கும் தேடி எடுத்து அடக்கம் செய்யும் ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்பு 1919 இல் தொடங்கியது. கள்ளமாகத் தோண்டுபவர்கள் தகட்டைக் கழற்றிக்கொண்டு போகும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்குப் பெயரில்லாத ஓர் எலும்புக்கூடு மிஞ்சுகிறது. காணாமல் போனவர்களின் படத்தைத் தூக்கிக்கொண்டு வீதியோரம் இருக்கும் தாய்மாரைப் பார்த்த ஊரிலிருந்து வந்தவன் நான். அந்தத் தட்டத்துக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை.

அந்த ஞாயிறு வீட்டுக்குத் திரும்பாமல் நேரே ஃபோசனாக் போனேன். ஹ்யூர்ட்கன் காட்டு விளிம்பில் படைவீரர் கல்லறை. போர் முடிந்து திரும்பிய ஜூலியுஸ் எராஸ்முஸ் என்ற முன்னாள் படை அதிகாரி, யாரும் சொல்லாமலே, மிதிவெடி நிறைந்த அந்தக் காட்டுக்குள் போய் உடல்களை எடுத்து வந்து புதைத்தார். 1,569 பேர். ஒவ்வொருவரிலும் தகடு, கடிதம், மோதிரம், ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பெயரை மீட்கப் பாடுபட்டார். காட்டுக்குள் இன்றைக்கும் வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன. அனுமதியில்லாமல் தோண்டுவது சட்டவிரோதம். ஆபத்து என்பதற்காக மட்டும் நான் தோண்டாமல் விட்டதில்லை. மண்ணுக்குள் கிடப்பது என்னுடையதில்லை.

நான் தேடுவது மண்ணுக்கு மேலே இருந்தவற்றை, வீட்டுக்குத் திரும்பி வந்தவற்றை. 1945 க்குப் பிறகு இந்த நாட்டில் சட்டி வாங்கக் கடை இல்லை. உருக்குத் தலைக்கவசத்தில் துளை போட்டு வடிதட்டு ஆக்கினார்கள். நீளத் தடி பூட்டி மலக்குழி அள்ளினார்கள். நச்சுவாயு முகமூடி வைக்கும் குழாய்ப் பேணியில் பால் வாங்கினார்கள். ஒழுங்காகச் சேகரிப்பவர்கள் இவற்றைப் 'பழுதாக்கியவை' என்று ஒதுக்குவார்கள். எனக்கு இவைதான் முதல் தரம். வடிதட்டான தலைக்கவசம் ஒன்று மேல் தட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன். மகள் அதைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, துளைகளை எண்ணினாள். வரிசை பிசகாமல் அடித்திருக்கிறார்கள்.

போன சித்திரையில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் மூதாட்டி முதியோர் இல்லத்துக்குப் போக ஆயத்தமானார். எண்பத்தெட்டு வயது. எனக்கு இந்தப் பழக்கம் உண்டென்று தெரிந்து கூப்பிட்டார். பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பியில் ஒரு பை தொங்கியது. கிட்டப் போனேன். பாண் பை. வெயிலில் வெளிறி ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. ஆனால் வலது கரையில் போத்தல் உரசிய வட்டம் அப்படியே இருந்தது.

"அப்பா போட்டுக்கொண்டு வந்தவர்," என்றார். "நாற்பத்தாறாம் ஆண்டு, பிரெஞ்சுக்காரரிட்ட கைதியா இருந்து. வாசலில நிண்டவரை எனக்கு ஆரெண்டு தெரியேல்லை. அம்மா பையை அவற்றை தோளிலயிருந்து கழட்டி, தோய்ச்சு, அடுத்த நாளே கம்பியில கொளுவினவ. அப்பேக்க இருந்து இஞ்சதான்."

எவ்வளவு வேணும் என்று கேட்டேன். காசு வேண்டாம் என்றார். பையை மட்டும் தருவதாகவும் உள்ளே இருந்த உடுப்புக் கிளிப்புகள் தனக்குத் தேவை என்றும் சொன்னார். இல்லத்தில் அவர்களே உடுப்புத் தோய்த்துத் தருவார்கள் என்று நான் சொல்லவில்லை. பையைக் கவிழ்த்து மரக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டில் வந்து உள்மடிப்பைத் தடவிப் பார்த்தபோது ஒன்று தையலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பழசு, வில் போயிட்டுது. பையோடயே இருக்கட்டும்," என்றார். இருக்கிறது.